நசீர் பாய்க்காகப் பேசிய நாட்கள்

1

சைக்கிளில் மலை ஏறப் போகிறேன் என்று சொன்னபோது, மந்தைவெளியில் இருக்கும் என் தம்பி உமாபதி போனிலேயே சிரித்தான்.

"அக்கா, நீ மாட்டைப் பார்த்துட்டு சைக்கிளை நடுத்தெருவுல போட்டுட்டு ஓடினவ. நீ மலை ஏறப் போறியா?"

"கார்த்திக் கூட வரான்டா. அவன்தான் ஏற்பாடு பண்ணினான்."

அந்த அக்டோபரோடு நான் அமெரிக்கா வந்து இருபத்தைந்து வருடம். அதை எப்படியாவது கொண்டாட வேண்டும் என்று முதலில் சொன்னவன் என் மகன் கார்த்திக். அவன் சியாட்டிலில் வேலை பார்க்கிறான். நான் நாட்டின் இந்தக் கோடியில், நியூ ஜெர்சியில், ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறேன். அவன் அப்பாவும் நானும் பிரிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. வெர்மான்ட் மலைகளில் இலைகள் நிறம் மாறும் பருவத்தில் ஐந்து நாள் சைக்கிள் பயணம், குழுவாகப் போவார்கள், பெட்டிகளை வேன் எடுத்துக்கொண்டு வரும், முட்டி வலிக்காரர்களுக்கு மோட்டார் வைத்த சைக்கிள் உண்டு. இதையெல்லாம் அவன் ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டே போனான். நான் தமிழில் "சரிடா, சரிடா" என்றேன். எங்கள் பேச்சு எப்போதுமே இப்படித்தான். நான் சொல்வது அவனுக்கு ஓரளவு புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும். நீளமாக எதையாவது சொல்ல வேண்டுமென்றால் நானும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவேன்.

கிளம்புவதற்கு நான்கைந்து நாள் இருக்கும்போது கூப்பிட்டான். அலுவலகத்தில் ஏதோ நெருக்கடியாம், அவனால் வர முடியாதாம். "நீ மட்டும் போய்விட்டு வா அம்மா, உனக்கும் ஒரு மாறுதலாக இருக்கும்" என்றான். அவன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. உமாபதியிடம் மட்டும் சொல்லவில்லை.

2

குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர். பெரும்பாலும் ஓய்வு பெற்ற தம்பதிகள். வழிகாட்டி மேகன் என்ற இளம்பெண். எல்லோர் தலைக்கவசத்தையும் தானே இழுத்துப் பார்த்துச் சரிசெய்வாள்.

மலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் வளர்ந்த எனக்குச் சிவப்பு இலை என்றால் வாதாமர இலைதான். எங்கள் காம்பவுண்டில் ஒன்று இருந்தது. மாசி வாக்கில் அதன் இலைகள் சிவந்து, ஒவ்வொன்றாக, அப்பளம் உடைகிற சத்தத்தோடு விழும். அம்மா தினமும் பெருக்கி, தினமும் அந்த மரத்தைத் திட்டுவாள். இங்கே மலை முழுக்க அந்தச் சிவப்பு. நடுவில் மஞ்சள், ஆரஞ்சு, பெயர் சொல்லத் தெரியாத ஒரு செம்பு நிறம். முதல் வளைவில் அதைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டேன். மற்றவர்களும் நிறுத்தினார்கள். கணவர் மனைவியின் தோளைத் தொட்டுக் காட்டினார், மனைவி கணவரைப் படம் எடுத்தாள். நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு கைப்பிடியைப் பார்த்துக்கொண்டேன்.

அன்று மாலை விடுதியில் சாப்பாடு. களைப்பாக இருந்ததால் சீக்கிரம் எழுந்தேன். எழும்போது வாயில் வந்தது "போயிட்டு வரேன்" என்பதன் நேர் ஆங்கிலம். அறைக்குப் போய்ப் படுத்துவிட்டேன். காலையில் மேகன் கேட்டாள்: "இனிப்பைக் கொண்டுவரச் சொல்லாமல் உங்களுக்காகக் காத்திருந்தோம். வருகிறேன் என்று சொன்னீர்களே, ஏன் வரவில்லை?"

எப்படி விளக்குவது? எங்கள் ஊரில் "போகிறேன்" என்று மட்டும் சொன்னால் அபசகுனம், அதனால் வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போவோம், வர மாட்டோம் என்று இரண்டு தரப்புக்கும் தெரியும் என்றேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும் கோப்பையால் வாயை மறைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அவரை எல்லோரும் "நாஸ்" என்றுதான் கூப்பிட்டார்கள். அறுபதைத் தாண்டியவர். வெள்ளைத் தாடியை ஒட்ட வெட்டியிருந்தார். ஆங்கிலம் இந்த ஊர்க்காரர்களைப் போலவே பேசுவார். முதல் நாள் அறிமுகத்தில் என்னிடம் "சென்னையா? நானும் ஒரு காலத்தில் அங்கேதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லி நகர்ந்துவிட்டார். இந்த ஊரில் சிலர் அப்படித்தான், நம்மைப் பார்த்தால் கொஞ்சம் ஒதுங்குவார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

3

அன்று காலை ஒரு செங்குத்தான ஏற்றத்தில் நாஸ் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். கியர் மாற்றும்போது அவர் சைக்கிள் செயின் கழன்றது. இறங்கி, இரண்டு விரலால் அதைத் தூக்கி மாட்டப் பார்த்தார். மறுபடி கழன்றது.

"அட இன்னாடா இது, ரோதனையா கீது!"

நான் சிரித்த சிரிப்பில் சைக்கிளிலிருந்து விழாதது ஆச்சரியம். அவர் திரும்பினார். கை முழுக்கக் கறுப்பு.

"கேட்டுச்சா?" என்றார் தமிழில்.

"நல்லாக் கேட்டுது. எந்த ஏரியா நீங்க?"

"மாம்பலம். ரங்கநாதன் தெருவாண்ட. அப்பாவுக்கு பை தைக்கிற கடை. நசீர்னு பேரு. இவங்களுக்கு வாயில வரல, நாஸ்னு ஆக்கிட்டாங்க."

அதற்குப் பிறகு அந்தக் குழுவில் நாங்கள் இரண்டு பேர் தனிக் குழு ஆகிவிட்டோம். கடைசியாக, எல்லோருக்கும் பின்னால், சைக்கிளை நிதானமாக மிதித்துக்கொண்டு போவோம். நான் அவரைப் பாய் என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் என்னை "இன்னாம்மா தங்கச்சி" என்பார். இளவயதிலேயே படிக்க வந்தவர். அவர் மனைவி ஆப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்த குஜராத்திப் பெண். வீட்டில் பொது மொழி ஆங்கிலம்தான். மனைவி இறந்து சில வருடம் ஆகிறது. ஒரே மகள் நூரா, சிகாகோவில் இருக்கிறாள்.

"வாய்விட்டுத் தமிழ் பேசி எவ்ளோ வருசமாச்சு தெரியுமா? அப்பா அம்மா போனப்புறம் ஊருக்குப் போறதும் நின்னுபோச்சு. மறந்தே போச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நேத்து நீ போயிட்டு வரேன்னுட்டு எழுந்து போன பாரு, இவங்க கேக்கையும் கொண்டாரச் சொல்லாம உக்காந்துகினு கீறாங்க. எனக்குத் தெரியும் நீ வர மாட்டேன்னு. சொல்லவும் தோணல. சிரிப்பு வந்துடுச்சு."

பாண்டி பஜார், பனகல் பூங்கா, தீபாவளிக்கு முந்தின வாரம் உஸ்மான் ரோடு என்று அவர் பேசிக்கொண்டே வந்தார். நான் மயிலாப்பூர் தேரைச் சொன்னேன். எந்த மலையில் ஏறினோம், எதில் இறங்கினோம் என்று எனக்குத் தெரியாது. இலைகளையும் அன்றைக்கு நான் சரியாகப் பார்க்கவில்லை.

4

மூன்றாம் நாள் புதன்கிழமை. ஒரு கணவாயின் உச்சியில் தேநீருக்காக நிறுத்தியிருந்தார்கள். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் எரிகிற மாதிரி இருந்தது. பாய் ஒரு கல்லில் உட்கார்ந்து, மேகனிடம் அடுத்த இறக்கத்தைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினார். கையிலிருந்த கோப்பை சரிந்து தேநீர் கால்சட்டையில் கொட்டியது. அவர் அதைக் குனிந்து பார்க்கவே இல்லை.

"நாஸ்? என்ன ஆச்சு?" என்றாள் மேகன்.

"கை... கை வரமாட்டேங்குது" என்றார் அவர்.

மேகனுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டாள். அவர் மறுபடியும் தமிழிலேயே சொன்னார், கொஞ்சம் எரிச்சலோடு, இத்தனை தெளிவாகச் சொல்கிறேனே என்பது போல. வாயின் ஒரு பக்கம் தொங்கிவிட்டிருந்தது. நான் ஓடிப்போய் அவர் முன்னால் மண்டியிட்டேன்.

"பாய், என்னைப் பாருங்க. எந்தக் கை?"

"சோத்தாங்கை."

மேகன் உடனே ஆம்புலன்ஸை அழைத்துவிட்டாள். மலைச் சாலையில் அது வந்து சேர நேரம் பிடித்தது. அதுவரை அவர் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. குழுவினர் தங்கள் குளிர்ச் சட்டைகளைக் கழற்றி அவர் மேல் போர்த்தினார்கள். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் தள்ளி நின்றார்கள்.

ஆம்புலன்சில் வந்தவர் குனிந்து, இன்று என்ன கிழமை என்று அவரைக் கேட்டார்.

"பொதன்."

ஆம்புலன்ஸ்காரர் தன் கூட்டாளியிடம் திரும்பி, "பேச்சில் அர்த்தமில்லை, உளறுகிறார்" என்றார்.

"உளறவில்லை" என்று நான் கத்தினேன். "புதன்கிழமை என்று சொல்கிறார். சரியாகத்தான் சொல்கிறார். அது தமிழ்."

அந்த மனிதர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கேள்விகள் பாய்க்குப் புரிந்தன. பதில்தான் தமிழில் வந்தது. தான் தமிழில் பேசுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது இடது கையால் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"மாத்திரை... சொல்லு. ரத்தம்... கட்டாம கீறதுக்கு. காத்தால போட்டேன். சொல்லு."

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், இன்று காலையிலும் சாப்பிட்டார் என்று சொன்னேன். அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு முக்கியம் என்று பிறகுதான் தெரிந்தது. மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் போட்டால் ரத்தக் கசிவு ஏற்படலாமாம். அதனால் ஊசியை விட்டுவிட்டு, குழாய் விட்டுக் கட்டியை எடுக்கும் பெரிய மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோனார்கள்.

வண்டியில் குடும்பத்தாருக்கு மட்டும்தான் இடம் என்றார்கள். "நீங்கள் அவருக்கு யார்?"

"தங்கை" என்றேன். யோசிக்கவே இல்லை.

5

மருத்துவமனைப் பதிவு மேசையில் இருந்த பெண் என் பெயரைக் கேட்டாள். சுமதி என்றேன். நோயாளியின் பெயர்? நசீர். அண்ணன் பிறந்த தேதி? தெரியவில்லை. அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து என் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள். "எங்கள் ஊரில் அண்ணன் தங்கை இப்படியும் உண்டு" என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஏதோ தட்டினாள். என்னை வெளியே அனுப்பவில்லை.

கட்டியை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சும் வலது கையும் எவ்வளவு தேறும் என்று போகப்போகத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். இரண்டு மொழி தெரிந்தவர்களுக்குச் சில நேரம் ஒன்று மட்டும் தங்கிவிடும் என்றும் சொன்னார்.

மறுநாள் நர்ஸ் சக்கரம் வைத்த ஒரு வீடியோத் திரையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். விதிப்படி உறவினர் மொழிபெயர்க்கக் கூடாதாம், மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளர்தான் பேச வேண்டுமாம். எங்கோ இருந்து ஒருவர் திரையில் வந்தார்.

"ஐயா, வணக்கம். தங்கள் உடலில் எங்கேனும் நோவு உள்ளதா?"

பாய் என் பக்கம் திரும்பினார். "இன்னா சொல்றாரு? ரேடியோவா?"

நர்ஸ், என்ன சொன்னார் என்று கேட்டாள். திரையில் இருந்தவர் சற்றுத் தயங்கிவிட்டு, நோயாளி வானொலியைப் பற்றி விசாரிக்கிறார் என்று சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாயும் ஒரு பக்க வாயால் சிரித்தார். அடுத்த நாளிலிருந்து நர்ஸ் அந்தத் திரையைக் கொண்டுவரவில்லை.

மேகன் போன் செய்தாள். குழு அடுத்த ஊருக்கு நகர்கிறது, வந்து சேர்ந்துகொள்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். மருத்துவமனைக்கு எதிரே ஒரு சாதாரண விடுதியில் அறை எடுத்தேன். என் ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம்; அதைத் தாண்டி மலை. அங்கேயும் எல்லாம் சிவப்பாகத்தான் இருந்தது. பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது. கோப்பை சாய்ந்தது என் கையிலிருந்து என்றால்? என் ஆங்கிலம் போய், உளறுகிற மாதிரி நான் தமிழ் பேசிக்கொண்டு கிடந்தால்? கார்த்திக் பறந்து வருவான், அது தெரியும். வந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

6

நூரா சிகாகோவிலிருந்து வந்தாள். அப்பாவின் கண்கள் அவளுக்கு. படுக்கையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாய் அவளைப் பார்த்து நீளமாக ஏதோ சொல்லத் தொடங்கினார். வார்த்தைகள் விட்டுவிட்டு வந்தன. கண் கலங்கியிருந்தது. நூரா அழுதுகொண்டே என்னைப் பார்த்தாள்.

"என்ன சொல்கிறார்? தயவுசெய்து ஒன்று விடாமல் சொல்லுங்கள்."

எனக்கு வருத்தமாகிவிட்டது. பெரிதாக ஏதோ எதிர்பார்க்கிறாள் பாவம்.

"பூனைக்குச் சாப்பாடு வைக்க வேண்டுமாம். பக்கத்து வீட்டில் சாவி இருக்கிறதாம். புது டப்பாவைத் திறக்க வேண்டாம், குட்டிக்கு அது பிடிக்காது என்கிறார்."

அவள் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். "குட்டி! அது பூனையின் பெயர்."

"குட்டி என்றால் தமிழில் சின்னது. குழந்தையையும் அப்படிக் கூப்பிடுவோம்."

நூரா என்னையே பார்த்தாள். "சின்ன வயதில் என்னைத்தான் அப்படிக் கூப்பிடுவார். நான் கல்லூரிக்குப் போனதும் பூனை வாங்கினார். என் பெயரைப் பூனைக்கு வைத்துவிட்டார் என்று சண்டை போட்டேன். அர்த்தம் இருக்கிற வார்த்தை என்றே எனக்குத் தெரியாது."

இதைப் பாயிடம் தமிழில் சொன்னேன். அவர் நல்ல கையைத் தூக்கி மகளின் கன்னத்தில் வைத்து, "குட்டி" என்றார். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

நடக்க முடிந்ததும் நூரா அவரைச் சிகாகோவுக்கு அழைத்துப் போனாள். பூனையும் போனது. நான் என் வீட்டுக்கு வந்தேன். கார்த்திக்கைக் கூப்பிட்டு நடந்ததையெல்லாம் ஆங்கிலத்தில் ஒன்று விடாமல் சொன்னேன். "நீ நன்றாகச் செய்தாய் அம்மா" என்றான்.

7

அதற்கு அடுத்த ஞாயிறு நூரா கூப்பிட்டாள். அப்பா எதையோ கேட்கிறார், புரியவில்லை, கொஞ்சம் பேசுகிறீர்களா? அவர் கேட்டது ரசம். பொடி எந்தக் கடையில் கிடைக்கும், எப்படி வைப்பது என்று அவளுக்குச் சொன்னேன். அப்படி ஆரம்பித்து, ஞாயிறு காலை எனக்குச் சிகாகோவிலிருந்து போன் வருவது வழக்கமாகிவிட்டது.

முதலில் வலி, மருந்து, தூக்கம் என்று நூராவுக்கு வேண்டியதைக் கேட்டுச் சொல்லிவிடுவேன். பிறகு அவள் போனை அவரிடம் விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போவாள். வாரத்துக்கு வாரம் வாக்கியங்கள் நீண்டன.

"நடந்து பழகுங்கன்றா இங்க ஒரு பொண்ணு. தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. ரங்கநாதன் தெருல நாம நடக்கவே வாணாம் தங்கச்சி, ஜனமே தள்ளிக்கினு போய் ஸ்டேஷனாண்ட வுட்டுடும். இங்க யாரை இடிச்சிக்கினு நடக்கறது?"

அந்தப் பக்கம் நூரா கேட்பாள்: "என்ன சொல்கிறார்?"

"கூட்டம் இல்லாமல் நடக்கப் பிடிக்கவில்லையாம்."

அவர் சொல்வதில் பாதியை நான் அவளுக்குச் சொல்வதில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது? பனகல் பூங்காவில் விற்ற சுண்டல் அவளுக்கு என்ன தெரியும்? அது எனக்கே எனக்கு வந்த பேச்சு. திங்கள் முதல் சனி வரை அலுவலகத்திலும் கடையிலும் பேசுவதை விட, அந்த ஒரு மணி நேரத்தில் நான் அதிகம் பேசினேன். சனிக்கிழமையே அடுத்த நாள் அவரிடம் சொல்ல ஏதாவது யோசித்து வைத்துக்கொள்வேன். லஸ் முனையில் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருப்பதை உமாபதியிடம் கேட்டு, அதை இவரிடம் சொன்னேன். "அப்ப கடைங்கள்லாம்?" என்று பதறினார்.

மரங்கள் மொட்டையாகி, பனி விழுந்து, அதுவும் உருகத் தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிறு போனை எடுத்ததும் நேராக அவர் குரல்.

"ஹலோ சுமதி? நாஸ் பேசுகிறேன்."

ஆங்கிலம். கொஞ்சம் மெதுவாக, ஆனால் பழைய உச்சரிப்பு. இரண்டு வாரமாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறதாம். எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நூரா சொல்லாமல் வைத்திருந்தாளாம்.

"பாய்! எப்படி கீறீங்க?" என்று அவர் பாஷையிலேயே கேட்டேன்.

அவர் ஆங்கிலத்தில், ரொம்ப மென்மையாகச் சொன்னார்: "நூரா பக்கத்தில்தான் இருக்கிறாள், சுமதி. இத்தனை நாள் அவளுக்கு ஒன்றும் புரியாமலே இருந்துவிட்டது. அவளுக்கும் புரிகிற மாதிரி பேசலாமா?"

"கண்டிப்பாக" என்றேன், ஆங்கிலத்தில்.

சிகாகோ குளிரைப் பற்றிப் பேசினோம். கை விரல்கள் பிடிக்கத் தொடங்கியதைச் சொன்னார். எனக்கு நன்றி சொன்னார், அழகாக, முழு வாக்கியங்களில். நடுவில் அவர் சொன்ன எதற்கோ நூரா வாய்விட்டுச் சிரித்தாள். அதைக் கேட்க நன்றாக இருந்தது. உண்மையாகவே நன்றாக இருந்தது. போன் சீக்கிரம் முடிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. சமையலறையைத் துடைத்தேன். ஏற்கெனவே மடித்த துணிகளை மறுபடி மடித்தேன். பிறகு கார்த்திக்கைக் கூப்பிட்டேன். அங்கே அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை போல. குரல் கரகரப்பாக இருந்தது.

எங்கள் வழக்கப்படி நான்கைந்து வார்த்தையோடு ஆங்கிலத்துக்கு மாறாமல், தமிழிலேயே பேசிக்கொண்டே போனேன். நேற்று வாங்கின வெண்டைக்காய் முத்தல், உமாபதி மாமா வீட்டுத் தெருவைத் தோண்டிப் போட்டதில் தண்ணீர் கலங்கலாக வருகிறதாம், ராத்திரி சரியாகத் தூக்கம் இல்லை. அவன் நடுவில் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டான். நான் தமிழிலேயே பதில் சொன்னேன். மறுபடி கேட்டான். மறுபடியும் தமிழிலேயே சொன்னேன்.

அந்தப் பக்கம் போர்வையை உதறும் சத்தம்.

"அம்மா, ஏன் தமிழிலேயே பேசிக்கொண்டிருக்கிறாய்? உன்னால் ஆங்கிலம் பேச முடிகிறதா? அம்மா, வீடியோவைப் போடு. இப்போதே போடு."

போட்டேன். தலை கலைந்து, கண்ணாடி இல்லாமல், வெளிறிப்போன முகத்தோடு படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"சிரி அம்மா. இரண்டு கையையும் தூக்கு."

"ஒண்ணும் ஆகலடா கண்ணா. சும்மாதான் பேசினேன்."

"தூக்கு அம்மா!"

சிரித்தேன். போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முதலில் ஒரு கையை, பிறகு இன்னொரு கையை, பிறகு என் வாயை, கவனமாகப் பார்த்தான். அவன் என்னை அப்படிப் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. கைகளை இறக்க எனக்கு மனம் வரவில்லை.